மூன்று நிமிடச் சாட்சியை ஆயத்தப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாட்சி என்றால், இயேசு தன் வாழ்க்கையை எப்படி மாற்றினார் என்று ஒருவர் சபையிலோ வெளியிலோ சொல்லும் சொந்தக் கதை. "யாராவது சாட்சி சொல்லுகிறீர்களா?" என்று போதகர் கேட்டதும் எழுந்து வருகிறவர்கள் பலர் பாதியில் தடுமாறுகிறார்கள். பேசத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஆயத்தத்தைத் தவறான இடத்தில் தொடங்கியதுதான் காரணம். "நான் இன்ன ஊரில் இன்னாருக்கு மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தேன்" என்று ஆரம்பித்து, பிளஸ் டூ முடிவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். இயேசு கதைக்குள் வரும் நேரத்தில் கூட்டத்தை நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

சொல்லும்போது வரிசை எளியது: முன்பு எப்படி இருந்தேன், இயேசுவிடம் எப்படி வந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன். எழுதும்போது இந்த வரிசையில் போகக் கூடாது. நடுப்பகுதியை முதலில் எழுதி, அடுத்து கடைசியை, அதற்குப் பிறகே தொடக்கத்தை எழுத வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, வேதாகமம், குரலைப் பதிவு செய்ய ஒரு போன். மொத்தத்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதை இரண்டு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் எழுதினால் உணர்ச்சி மட்டும்தான் தாளில் இறங்கும். மூன்று நாள் ஆறப்போட்டு வாசித்தால்தான் எதை மிகைப்படுத்தினோம், எதை விழுங்கினோம் என்று தெரியும்.

இரண்டு ஆட்கள் தேவை. ஒருவர் உங்களை நன்றாக அறிந்த விசுவாசி: மனைவி, கணவர், நெடுநாள் நண்பர், ஜெபக்குழுவில் ஒருவர். மற்றவர் சபைப் பக்கமே வராதவர். இந்த இரண்டாவது ஆளைப் பலரும் தேடுவதே இல்லை. எட்டாம் படியில் அவர் எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் ஜெபித்துவிட்டுத் தொடங்குங்கள். எதைச் சொல்ல வெட்கப்படுகிறோம், எதைச் சொல்லிப் பேர் வாங்க நினைக்கிறோம் என்ற இரண்டும் அந்த நேரத்தில்தான் மனதுக்குத் தெளிவாகும்.

ஓர் எச்சரிக்கை. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு, பிரிவின் விளிம்பில் நிற்கும் திருமணம், முடிவு தெரியாத சிகிச்சை ஆகியவற்றை இப்போது சாட்சியில் சேர்க்காதீர்கள். அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. மற்றவர்களின் வாழ்க்கையும் அதில் சிக்கியிருக்கிறது. அதற்காக, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதனுக்கு இயேசுவைப்பற்றி அதிகம் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான்.

2. யாருக்கு, எங்கே, எத்தனை நிமிடம்

முன்பு விசுவாசிகளைத் துன்பப்படுத்திய பவுல், தான் இயேசுவிடம் திரும்பிய கதையைப் பொதுவில் சொல்லும் இடங்கள் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு: 22-ஆம் அதிகாரமும் 26-ஆம் அதிகாரமும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எருசலேம் ஜனக்கூட்டத்திடம் அவர்களுடைய பாஷையில் பேசுகிறார். யூத வேத அறிஞர் கமாலியேலிடம் படித்ததைச் சொல்கிறார். தனக்குப் பார்வை திரும்ப உதவிய அனனியா நியாயப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன், யூதர்களிடம் நற்பெயர் பெற்றவன் என்று எடுத்துச் சொல்கிறார். அகிரிப்பா ராஜாவின் முன் அனனியாவின் பெயரே வரவில்லை. அதற்குப் பதிலாக, பிரதான ஆசாரியரிடம் அதிகாரம் பெற்றதும் விசுவாசிகளைச் சிறையில் அடைத்ததும் விரிவாக வருகின்றன. நடந்தது ஒன்றுதான். கேட்பவர் மாறியதால் எடுத்த விவரங்கள் மாறின.

ஆகவே முதலில் நோட்டின் மேல் ஒரு வரி எழுதுங்கள்: "இதைக் கேட்கப்போகிறவர் யார்?" சபையில் சொல்வதும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் எதிர்வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்வதும், டீக்கடை பெஞ்சில் உடன் வேலை செய்கிறவரிடம் சொல்வதும் மூன்று வேறு காரியங்கள்.

மூன்று நிமிட வடிவத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுருக்கினால் ஒரு நிமிடம், கேள்விகளோடு விரித்தால் எட்டு நிமிடம். நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டி வரும். உங்கள் வேகத்தை ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சொற்கள். பங்கீடு இப்படி இருக்கட்டும்: முன்பு 45 விநாடி, திருப்பம் (இயேசுவிடம் வந்த நடுப்பகுதி) 75 விநாடி, இப்போது 60 விநாடி.

3. வாழ்க்கையை ஒரு பக்கத்தில் குறித்தல்

அரை மணி நேரம் போதும். இடது ஓரத்தில் ஆண்டு, வலது பக்கத்தில் நடந்தது. படிப்பு, வேலை, இழப்பு, நோய், திருமணம், யாரோ கொடுத்த புதிய ஏற்பாடு, ஒரு கூட்டம், ஒரு சண்டை. பன்னிரண்டு முதல் பதினைந்து வரி வரும். தேதியில் சந்தேகம் இருந்தால் வீட்டாரிடம் கேளுங்கள். "அப்போது எனக்கு ஏழு வயது" என்று நீங்கள் சொல்ல, முன்வரிசையில் இருக்கும் அத்தை "இல்லையே, பத்து" என்று நினைத்தால், மற்றதையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

பிறகு அடியுங்கள். இயேசுவை நோக்கி உங்களைத் தள்ளிய அல்லது இழுத்த வரிகள் மட்டும் நிற்கட்டும். மூன்றுக்கு மேல் மிஞ்சினால் மறுபடி அடியுங்கள். அடித்தவை பொய்யல்ல, வீணுமல்ல. வேறொரு நாள் வேறொருவருக்கு உதவும். அதனால் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

4. திருப்பத்தை எழுதுங்கள்

இதுதான் சாட்சியின் முதுகெலும்பு. இதற்கே அதிக நேரம் கொடுங்கள். நான்கு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்: இயேசுவைப்பற்றி யார் மூலம் கேட்டேன்? என்ன கேட்டேன்? அதில் எது எனக்குப் புரிந்தது? புரிந்தபின் நான் என்ன செய்தேன்?

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் நழுவுகிறார்கள். "கூட்டத்துக்குப் போனேன், அழுதேன், சமாதானம் வந்தது" என்று எழுதிவிடுவார்கள். எதற்காக அழுதீர்கள்? யாரோடு சமாதானம்? கிறிஸ்து என் பாவத்துக்காக மரித்தார், உயிர்த்தெழுந்தார் என்பது உங்களுக்கு எந்த இடத்தில் உங்கள் காரியமானது? இரண்டு அல்லது மூன்று வாக்கியத்தில், பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். இது இல்லாவிட்டால், கெட்ட பழக்கம் விட்டுப்போன கதையாக மட்டும் அது நின்றுவிடும். அப்படிப்பட்ட கதை எல்லா மதத்திலும் உண்டு. மதமே இல்லாதவரிடமும் உண்டு.

அடுத்த பெரிய பிழை, ஆசீர்வாதத்தைத் திருப்பமாக வைப்பது. "ஜெபித்தேன், வேலை கிடைத்தது." "ஜெபித்தேன், கட்டி கரைந்தது." அது உண்மையாக நடந்திருந்தால் நன்றியோடு சொல்லுங்கள். ஆனால் அதைத் தூணாக நிறுத்தாதீர்கள். அந்தக் கூட்டத்திலேயே, ஜெபித்தும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் சாட்சி அவரிடம் "உன் ஜெபத்தில் குறை" என்று சொல்லாமல் சொல்லிவிடக் கூடாது. எழுதியதைச் சோதிக்க ஒரு வழி: அந்த வேலை நாளைக்கே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு பக்கத்தை மறுபடி வாசியுங்கள். சாட்சி அப்போதும் நிற்கிறதா? நின்றால் சரி. விழுந்தால், தூண் வேறெங்கோ இருக்கிறது, இன்னும் தேடுங்கள். குணமான காரியத்தைச் சொல்லும்போது மருத்துவர் கொடுத்த மருந்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மருந்தை மறைத்துச் சொன்னால், கேட்கிறவர் தன் மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர்கள் இந்தப் படியில் திணறுவார்கள். "எனக்கு அப்படி ஒரு நாள் இல்லையே" என்பார்கள். சிலர் கேட்ட சாட்சிகளின் சாயலில் ஒரு நாளைச் செய்துகொள்ளவும் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். பவுலின் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முன்பே இருந்தது என்று பவுல் மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: வீட்டாரின் விசுவாசம் எப்போது, எதன் வழியாக என்னுடையதானது? சிலருக்கு அது திடப்படுத்தல் வகுப்பு, அதாவது சபையில் முழு அங்கத்தினராகும் முன் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு. சிலருக்கு, வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தபோது ஞாயிறு காலை எழுப்ப அம்மா இல்லாத அந்த முதல் வருடம். நாள் தெரியாவிட்டால் "அந்த இரண்டு வருடத்துக்குள்" என்று சொல்லலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

5. "இப்போது" பகுதியை எழுதுங்கள்

இங்கே பெயர்ச்சொற்கள் குவியும்: சமாதானம், சந்தோஷம், விடுதலை, ஆசீர்வாதம். கேட்பவர் கண்ணில் எதுவும் நிற்காது. உங்கள் வீட்டில் இருப்பவர் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு மாற்றத்தை எழுதுங்கள்.

ஒரு மாதிரி. முதல் வரைவு இப்படி இருக்கும்: "குடிப்பழக்கத்தில் அடிமைப்பட்டு, பாவச் சேற்றில் கிடந்த என்னைக் கர்த்தர் தூக்கியெடுத்தார். இப்போது என் குடும்பத்தில் மிகுந்த சமாதானம் இருக்கிறது." இதையே இப்படி மாற்றலாம்: "அப்போது வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார்கள். இப்போது அதே சத்தத்துக்குச் சின்னவள் ஓடிவந்து கதவைத் திறக்கிறாள்." அடிமை, சேறு, சமாதானம் என்ற சொல் ஒன்றும் இல்லை. மூன்றும் இருக்கின்றன.

இன்னும் சரியாகாத ஒன்றையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள். "கோபம் இன்னும் வருகிறது; வந்தபின் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்பதுபோல. எல்லாம் தீர்ந்தது என்று சொல்கிறவரை அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் யாராவது பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். அதைவிட முக்கியம், போராட்டத்தில் இருப்பவருக்கு இந்த ஒரு வாக்கியம்தான் உள்ளே வரும் கதவு.

6. கடைசியாக "முன்பு" பகுதி

திருப்பமும் இன்றைய நிலையும் எழுதியான பிறகு, எந்த "முன்பு" தேவை என்பது தானாகத் தெரியும். செருப்புச் சத்தம் கடைசியில் வருமென்றால் தொடக்கத்திலும் அது வர வேண்டும். அதற்குத் தொடர்பில்லாத பள்ளிக்கூடம், மதிப்பெண், வாடகை வீடு எல்லாம் தேவையில்லை. 75 சொல்லுக்குள் முடியுங்கள்.

பாவத்தைச் செய்முறையோடு விவரிக்காதீர்கள். எந்தக் கடை, என்ன சரக்கு, எவ்வளவு தொகை என்று சொல்லச் சொல்ல, கூட்டம் அதில்தான் விழித்திருக்கும். அதே பழக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்திருப்பவருக்கு அது தூண்டிலாகவும் ஆகும்.

வேறு மதத்திலிருந்து வந்தவர்களுக்கு இது மிக மென்மையான இடம். பெற்றோர் கும்பிட்டதைக் "கல்லு, மண்ணு" என்றோ "பிசாசு" என்றோ சொல்லி ஆரம்பித்தால், உங்கள் அம்மாவை நீங்கள் இகழ்ந்ததாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார். அவர் நினைப்பதில் தவறும் இல்லை. "எங்கள் வீட்டில் சாமிக்குப் பயந்த குடும்பம். அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். எனக்குள் ஒரு கேள்வி இருந்தது..." என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட. 1 பேதுரு 3:15 சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. வணக்கம் கேட்பவருக்கு மட்டுமல்ல, அவருடைய வீட்டாருக்கும் உரியது. சாதிப் பெயரையும் இப்படியே கவனியுங்கள். நீங்கள் பட்ட அவமானத்தைச் சொல்ல அது தேவையென்றால் சொல்லுங்கள். பெருமைக்காக ஒருபோதும் வேண்டாம்.

7. சொற்களைச் சலித்தல்

சபைக்குள் புழங்கும் தமிழ் தனித் தமிழ். வெளியே அதே சொற்களுக்கு வேறு பொருள் என்பதை நாம் மறந்தே போயிருக்கிறோம். சிவப்பு மையால் ஒவ்வொன்றாக வட்டமிடுங்கள்.

"அபிஷேகம் பெற்றேன்" என்றால் வெளியாள் மனதில் வருவது பால் அபிஷேகம். "தரிசனம் கிடைத்தது" என்றால் கோயில் வரிசை. "தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன்" என்று குமரி மாவட்டத்தில் சொன்னால், சோழி வைத்துப் பார்க்கும் தேவபிரசன்னம் நினைவுக்கு வரலாம். "வசனம்" சினிமா வசனம். "விசுவாசம்" எஜமானுக்குக் காட்டும் நன்றி. "சாட்சி" கோர்ட்டு சாட்சி. "ஊழியம்" என்றால் எந்த ஆபீசில் என்று கேட்பார்கள். "பாரம்" லாரியில் ஏற்றுவது.

மாற்றுச் சொல் தேடுவதைவிட, அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அதை நேராகச் சொல்லிவிடுவது எளிது. "இரட்சிக்கப்பட்டேன்" என்பதற்கு "என் பாவத்தைக் கடவுள் மன்னித்தார் என்று நம்பினேன்; அன்றிலிருந்து இயேசுவின் பின்னால் போகிறேன்". "கர்த்தர் என்னோடே பேசினார்" என்பதற்கு, உண்மையில் நடந்தது எதுவோ அது: "அந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கே எழுதினதுபோல இருந்தது." "ஜெபம்" இருக்கட்டும், எல்லோருக்கும் புரியும். "ஸ்தோத்திரம்", "அல்லேலூயா" இரண்டும் மூச்சுவிடும் இடத்தில் வந்து விழுகின்றனவா என்று பதிவைப் போட்டுக் கேளுங்கள். மனமறிந்து சொல்லும் ஸ்தோத்திரம் அருமையானது. இடைவெளியை அடைக்கச் சொன்னால் அது அருமையிழந்துவிடும்.

அழைப்பதிலும் கவனம் வேண்டும். "பிரதர்", "சிஸ்டர்" சபைக்குள் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரை இத்தனை நாள் அண்ணே, அக்கா, அண்ணாச்சி, மாமா என்று எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். சாட்சி சொல்லும்போது மட்டும் குரலும் உறவுமுறையும் மாறினால், ஆள் மாறிவிட்டதுபோல அவருக்குத் தோன்றும்.

வேதப்பகுதி ஒன்று போதும். உங்கள் திருப்பத்தில் உண்மையாகவே இடம் பெற்ற பகுதி அது. சாட்சியை அழகுபடுத்தப் பின்னால் தேடி எடுத்த நான்கு பகுதிகளை விட்டுவிடுங்கள்.

8. வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல்

முதல் முறை தனியாக, போனில் பதிவு செய்துகொண்டே சொல்லுங்கள். நான்கு நிமிடம் தாண்டும், எல்லோருக்கும் தாண்டும். எங்கே நீள்கிறது என்று குறித்து வெட்டுங்கள். பெரும்பாலும் "முன்பு" பகுதிதான்.

இரண்டாம் முறை உங்களை அறிந்தவரிடம். அவரிடம் ஒரே கேள்வி: "இதில் நடந்ததைவிடப் பெரிதாக்கிச் சொன்ன இடம் எது?"

மூன்றாம் முறை சபைக்கு வராத அந்த நண்பரிடம். ஆயத்தத்துக்காகக் கேட்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முடித்ததும் "நல்லா இருந்ததா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருந்தது என்றுதான் சொல்வார். "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் இயேசு என்ன செய்தார் என்பது வரவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு வாக்கியம் மறந்தால் மொத்தமும் கைநழுவும், ஒப்புவிப்பதுபோலவும் கேட்கும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனதில் பதியுங்கள். நடுவில் உள்ளதற்கு உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொல் போதும்: "செருப்பு – அண்ணன் தந்த புத்தகம் – லூக்கா 15 – மன்னிப்பு – கதவு" என்பதுபோல.

9. மற்றவர்களின் அனுமதி

உங்கள் சாட்சியில் மனைவி, அப்பா, முன்னாள் முதலாளி யாராவது வருவார்கள். குடும்பத்தாரிடம் எழுதியதை வாசித்துக் காட்டி, சரி என்றால் மட்டும் வையுங்கள். மற்றவர்களின் பெயர், ஊர், வேலையிடம் எதுவும் வேண்டாம். இப்போது பல சபைகளில் ஆராதனை யூடியூபில் நேரடியாகப் போகிறது. நாற்பது பேருக்குச் சொன்னது பத்து வருடம் கழித்தும் உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழன் கையில் வரும். மேடைக்குப் போகும் முன் பதிவாகிறதா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

10. சொல்லும் நேரம்

மேடையில்: மைக் வாயிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் இருக்கட்டும். "எனக்குப் பேசத் தெரியாது, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க" என்ற முன்னுரை அரை நிமிடத்தைத் தின்றுவிடும். நேரே முதல் வாக்கியத்துக்குப் போங்கள். அழுகை வந்தால் நின்று, தண்ணீர் குடித்துத் தொடருங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி வாக்கியம் முடிந்ததும் உட்காருங்கள். "ஆகவே அன்பானவர்களே" என்று அங்கே ஒரு பிரசங்கம் முளைக்கும், முளைக்க விடாதீர்கள். பிரசங்கத்துக்கு ஆள் இருக்கிறார்.

தனி ஒருவரிடம்: அவர் பேசுவதை முதலில் கேளுங்கள். அவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிக்கும் முன் நம் கதையை நடுவில் போடுவது, அவர் சொன்னதற்கு மதிப்பில்லை என்று காட்டுவதாகும். பிறகு, "எனக்கும் ஒரு சமயம் இப்படி இருந்தது. சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு நிமிட வடிவத்தைச் சொல்லி, "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று விட்டுவிடுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, உண்மையாகவே கேட்டுச் சொல்லுங்கள்.

சில இடங்களில் சொல்லாமலிருப்பதே நேர்மை. உங்கள் கீழ் வேலை பார்ப்பவர், உங்கள் பொறுப்பில் இருக்கும் நோயாளி, கடன் அல்லது உதவி கேட்டு வந்தவர் ஆகியோரால் உங்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெற்றோருக்குத் தெரியாமல் சிறு பிள்ளைகளிடமும் வேண்டாம். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தன் மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற எல்லைகளையும் அதே பிரிவு வைக்கிறது. உதவிப் பையும் சாட்சியும் ஒரே கையில் இருக்கக் கூடாது. அரிசி கொடுக்கும் நாளில் அரிசி மட்டும் கொடுங்கள்.

11. ஆறு மாதத்துக்கு ஒரு முறை

நோட்டுப் பக்கத்தின் மேல் தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஐந்தாம் படியை மட்டும் புதிதாக எழுதுங்கள். திருப்பம் மாறாது, "இப்போது" மாறிக்கொண்டேயிருக்கும். 2015-இல் நடந்ததையே "இப்போது" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருந்தால், நடுவில் போன வருடங்களைப்பற்றி ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கான விடையைத் தேடிக்கொண்டு, வேதாகமத்தோடும் நோட்டோடும் ஒரு சனிக்கிழமை மாலை உட்காருங்கள்.